நகாசுக்கு மாதிரி தந்த தாள்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துச் சான் ஜாக் வீதியிலிருந்த அச்சுச் சித்திரக் கடைகளில், சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்குரிய படங்களோடு, பெரும்பாலும் ஆறு தாள்கள் கொண்ட மெல்லிய ஏடுகளும் விற்பனைக்கு இருந்தன. அவற்றை விரும்பி வாங்கியவர்களில் பொற்கொல்லரும், மரச்சாமான் செய்யும் தச்சரும், பட்டு நெசவுக்கு உரு வரைவோரும், பீங்கானில் வர்ணம் தீட்டுவோரும் இருந்தனர். கொடிக்கருக்கு, பூங்கொத்து, சங்கு, சிப்பி, சட்டங்களின் விளிம்பு முதலிய அலங்காரங்களே அத்தாள்களில் நிறைந்திருந்தன.

அவை உருவான விதம் நுட்பமானது. மெருகிட்ட செப்புத் தகட்டின்மீது மெழுகு கலந்த பூச்சைத் தடவி, ஊசிமுனையால் சித்திரத்தைக் கீறித் திராவகத்தில் இட்டால், கீறிய இடங்களை மட்டும் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை விரித்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தித் தள்ளினால், பள்ளத்து மை தாளில் ஏறிவிடும். தகட்டின் இடப்புறம் தாளில் வலப்புறமாகும். இதனால், பழைய பீங்கான் பாத்திரமொன்றிலுள்ள உருவம் மூல ஓவியத்துக்கு நேர்மாறாகத் திரும்பியிருக்குமானால், அதைத் தீட்டியவன் ஓவியத்தைக் காணாமல் அச்சுத்தாளைப் பார்த்தே எழுதினான் என்று ஊகிக்க இடமுண்டு.

1695-இல் துரின் நகரில் பிறந்து பிரெஞ்சு மன்னரின் பொற்கொல்லராக விளங்கிய மெய்ஸோனியே என்பவர் 1734-இல் வெளியிட்ட அலங்கார ஏட்டில், இருபுறமும் ஒத்திருக்க வேண்டுமென்ற பழைய நியதி அடியோடு கைவிடப்பட்டது. சிப்பிகளும் நீரோட்டமும் மாளிகை வளைவுகளும் ஒன்றோடொன்று பின்னிச் சுழன்றன. வேறு பலர் வரைந்த மாதிரிகளிலோ, ஒரே சட்டத்தின் இடப்பாதி ஒரு விதமாகவும் வலப்பாதி வேறொரு விதமாகவும் இருக்கும். தொழிலாளி தனக்கு உகந்த பாதியைத் தேர்ந்துகொண்டு, அதையே மறுபுறமும் திருப்பி எழுதிக்கொள்வான். ஒரு தாளில் இரண்டு யோசனைகளை அடக்கிய இந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் வியக்கிறேன். செய்பவனின் விவேகத்தில் நம்பிக்கை வைத்தவர்களாலன்றி இப்படி வரைய இயலாது.

லியோன் நகரத்தவரான பீயமான், சீனத்தை ஒருநாளும் கண்டறியாதவராயினும், கற்பனையில் கண்ட சீன மனிதரையும் விசித்திரப் புஷ்பங்களையும் வரைந்தார். அவை அச்சேறி, பட்டிலும் பருத்தித் துணியிலும் பீங்கானிலும் மரவேலையிலும் இடம்பெற்று ஐரோப்பாவெங்கும் பரவின.

பட்டறையில் புழங்கிய தாள்கள் மசிபட்டும் கிழிந்தும், சில கத்தரித்து ஒட்டப்பட்டும் அழிந்தன. மிக உபயோகமானவையே மிகுதியாக மறைந்தன. எஞ்சியவற்றை அரிதின் முயன்று சேர்த்தவர்களுள் தேத்தாயர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒருவர். அவர் திரட்டிய பெருந்தொகுதியை 1879-இல் பெர்லின் நகரம் பெற்றது. இன்று அது அந்நகரத்துக் கலை நூலகத்தில் இருக்கிறது.