அப்பத்தா குரல் தேயும் இடத்தில் குழல் ஏறுகிறதா? மிக்ஸிங்கில் கைகொடுக்கும் வால்யூம் ஆட்டோமேஷன்!

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அப்பத்தாவைத் தாலாட்டுப் பாடச் சொல்லி மொபைலில் பதிவு செய்தேன். வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. "இப்பப் போயி என்னத்தா பாட்டு? குரலே இல்ல" என்று சலித்துக்கொண்டே 4 நிமிடம் பாடினார். சித்தப்பா மகன் புல்லாங்குழல் கற்கிறான். அப்பத்தா குரலுக்கு அடியில் அவன் குழலைச் சேர்த்து, முழுப் பாட்டாக அக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று திட்டம் போட்டோம்.

லேப்டாப்பில் இரண்டு டிராக்குகளையும் சேர்த்துக் கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒவ்வோர் அடியையும் அப்பத்தா கணீரென்று தொடங்குகிறார். முடியும்போது மூச்சு குறைந்து குரல் தேய்ந்துவிடுகிறது. அவருக்கு வயது 81. அந்தத் தாலாட்டில் தாய்மாமன் பெயர் வருவதோ அடியின் கடைசியில். அது அப்பத்தாவின் அண்ணன் பெயர். அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. சரியாக அந்த இடத்தில் குழல் மேலே ஏற, பெயர் காணாமல் போயிருந்தது.

மொத்தமாக ஏற்றினால் போதாதா?

நானும் முதலில் அதைத்தான் செய்தேன். குரல் டிராக்கின் ஃபேடரை ஏற்றினேன். அடியின் கடைசி கேட்டது. ஆனால் அடியின் தொடக்கம் காதில் அறைந்தது.

அடுத்து கம்ப்ரஸர். சத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது அதை அமுக்கி, உயரத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கருவி இது. அளவாகப் போட்டால் நல்லது. நான் அழுத்திப் போட்டேன். குரலோடு சேர்ந்து மின்விசிறி இரைச்சலும், கொல்லையில் மேய்ந்த கோழியின் கொக்கரிப்பும் முன்னுக்கு வந்துவிட்டன. எது பெயர், எது கோழி என்று கம்ப்ரஸருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் வால்யூம் ஆட்டோமேஷன் தேவைப்படுகிறது.

ஃபேடரைப் பிடித்திருக்கும் கை

பாட்டு ஓடும்போது எந்த நொடியில் ஃபேடர் ஏற வேண்டும், எந்த நொடியில் இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் ஆட்டோமேஷன். டிராக்கின் மேல் ஒரு கோடு தெரியும். அதில் புள்ளிகள் வைத்து இழுத்தால் போதும். ரீப்பரில் டிராக்கைத் தேர்வு செய்து 'வி' விசையையும், கராஜ்பேண்டில் 'ஏ' விசையையும் அழுத்தினால் இந்தக் கோடு வரும். ஆடாசிட்டியில் என்வலப் டூல் இதே வேலையைச் செய்யும். மொபைலில் வீடியோ எடிட் செய்பவர்களுக்கு கைன்மாஸ்டரில் வால்யூம் என்வலப் இருக்கிறது.

கணினி வருவதற்கு முன்பு இதையெல்லாம் கையால்தான் செய்தார்கள். 1975-ல் வெளியான 'ஐ'ம் நாட் இன் லவ்' பாடலுக்காக, இங்கிலாந்தின் 10சிசி குழுவினர் 600-க்கும் மேற்பட்ட குரல் அடுக்குகளை டேப்பில் பதிவு செய்தார்கள். பிறகு எல்லோரும் மிக்ஸிங் மேஜையைச் சுற்றி நின்று, ஃபேடர்களை வாத்தியம் போல ஏற்றி இறக்கினார்கள். நீவ் நிறுவனத்தின் நெகாம் போன்ற, மோட்டார் பொருத்திய ஃபேடர்களைக் கணினியே நகர்த்தும் முறை 1970-களின் பிற்பகுதியில்தான் வந்தது. இன்று அந்த வசதி நம் லேப்டாப்புக்குள் இருக்கிறது.

நான்கு பெயர்கள், ஓர் எச்சரிக்கை

புள்ளி வைக்காமல், பாட்டு ஓட ஓட ஃபேடரை நகர்த்தியும் பதிவு செய்யலாம். அதற்கான முறைகள் இவை:

* ரீட்: எழுதி வைத்ததை அப்படியே பின்பற்றும்.
* டச்: ஃபேடரைப் பிடித்திருக்கும் வரை எழுதும், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். சின்னத் திருத்தங்களுக்கு இதுவே ஏற்றது.
* லேட்ச்: கையை விட்டாலும், கடைசியாக வைத்த அளவிலேயே பாட்டை நிறுத்தும் வரை எழுதிக்கொண்டு போகும்.
* ரைட்: ஓடும் இடமெல்லாம் பழையதை அழித்துப் புதிதாக எழுதும்.

எச்சரிக்கை கடைசி முறைக்குத்தான். ரைட்டிலிருந்து மாற்ற மறந்து பிளே பட்டனை அழுத்தினேன். இரண்டு மணி நேர வேலை போனது.

ஃபேடர் பழைய இடத்துக்கே ஓடுகிறதா?

புதியவர்கள் பலரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. ஆட்டோமேஷன் எல்லாம் முடித்த பிறகு, 'குரல் மொத்தத்தில் கொஞ்சம் குறையட்டுமே' என்று ஃபேடரை இறக்குவீர்கள். பிளே செய்ததும் அது பழைய இடத்துக்கே போய் நிற்கும். கோளாறு ஒன்றுமில்லை. ஃபேடர் இப்போது நீங்கள் வரைந்த கோட்டுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தீர்வு எளிது. டிராக்கின் கடைசி ப்ளக்-இன்னாக கெயின் ஒன்றைச் சேர்த்து, மொத்த அளவை அதில் மாற்றுங்கள். அல்லது குரல் டிராக்கை ஒரு பஸ்ஸுக்கு அனுப்பி, பஸ்ஸின் ஃபேடரை நகர்த்துங்கள். சில மென்பொருள்களில் இதற்கென்றே டிரிம் வசதி உண்டு. ரீப்பரின் வழக்கமான அமைப்பில், ஃபேடரே கோட்டின் மேல் டிரிம்மாக வேலை செய்யும்.

எது முதலில், எது கடைசியில்?

சொந்தமாக இரண்டு முறை கெடுத்துக் கற்றுக்கொண்ட வரிசை இது:

1. பெரிய ஏற்ற இறக்கங்களை முதலில் கிளிப் கெயினில் சமன் செய்யுங்கள். இது கம்ப்ரஸருக்கு முன்பே நடப்பதால், கம்ப்ரஸர் திணறாது.
2. பிறகு கம்ப்ரஸரை மிதமாகப் போடுங்கள்.
3. எல்லா டிராக்குகளுக்கும் பொதுவான அளவை ஃபேடரில் முடிவு செய்யுங்கள்.
4. ஆட்டோமேஷன் கடைசியில்தான்.

ஒன்றிரண்டு டெசிபல் மாற்றமே பல இடங்களில் போதும். 6 டெசிபல் ஏற்றினால் ஒலி அலையின் உயரம் இரண்டு மடங்காகிவிடும். மூச்சுச் சத்தத்தை வெட்டி எறியாமல் இறக்கி மட்டும் வையுங்கள். மூச்சே இல்லாத குரல் மனிதக் குரலாகக் கேட்பதில்லை. குரலை ஏற்றுவதற்கு முன், எதிரில் இருப்பதை இறக்கிப் பாருங்கள். எங்கள் பாட்டில் குழலை அடியின் கடைசியில் 3 டெசிபல் இறக்கியதுமே பாதிப் பிரச்னை தீர்ந்தது. திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கேட்டால், அதிகமாகப் போன இடம் தானாகத் தெரியும்.

அந்த ஒரு பெயர்

கடைசியாக அண்ணன் பெயருக்கு வந்தேன். மற்ற சொற்களுக்குச் சமமாக ஏற்றிப் பார்த்தேன். தெளிவாகக் கேட்டது. ஆனால், அப்பத்தா யாரையோ தெருவில் கூவி அழைப்பது போல இருந்தது. பாடும்போது அவர் அப்படிச் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, தனக்குள் சொல்லிக்கொண்டார். 2 டெசிபல் இறக்கினேன். இப்போது பெயரும் கேட்டது, அவர் குனிந்ததும் கேட்டது.

அக்காவுக்கு அனுப்புவதற்கு முன், போன் போட்டு அப்பத்தாவுக்கு அதை ஓடவிட்டேன். அந்தப் பெயர் வந்து போனது. கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

"ஏத்தா, இன்னொரு தடவ போடு" என்றார்.