கார் ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தம்: ஒரே வண்டிக்குள் இரண்டு பூஜ்யம்

காரில் பாட்டு ஓடுது. ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் அந்த ரெண்டு வினாடி இடைவெளியில் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிசா ஒரு 'கீஈஈ'. ஆக்சிலேட்டரை மிதிச்சா அதுவும் கூடவே சுருதி ஏறுது, காலை எடுத்தா இறங்குது. இதைக் கொண்டுபோய் கடையில் சொன்னால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். "ஃபில்டர் போட்டுடலாம் சார்", "வயரை எல்லாம் மாத்திடணும்", "ஆல்டர்னேட்டர் போயிடுச்சு". மூன்றுமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான். உங்க வண்டிக்கு எதுன்னு பார்க்காமலே சொல்றதுதான் பிரச்சினை.

என் பெட்ரோல் காருக்கு வயசு பத்து. போன வருஷம் சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபையர், டிக்கியில் ஒரு சப்வூஃபர் போட்டேன். போட்ட அன்னிக்கே கீச்சு. ஆல்டர்னேட்டரை மாத்தணும்னு சொன்னாங்க. ஆயிரக்கணக்கில் செலவு. பணத்தைக் கொடுக்கும் முன்னால் இந்தச் சத்தம் உண்மையில் என்னதான்னு தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு. சில வாரம் படிச்சு, அளந்து, பிரிச்சுப் பார்த்ததில் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் காதை நம்பணும். எஞ்சினை அணைத்து, சாவியை ஆக்சசரி நிலையில் வைத்தாலும் ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்' என்று வந்தால், அது ஆம்ப்ளிஃபையரின் கெய்ன் அதிகம் என்பதன் அடையாளம். செல்போனுக்கு அழைப்பு வரும் முன்னால் 'டிர்ர்ர் டிட் டிட்' என்று கேட்பது 2ஜி சிக்னல். அந்தப் போன் ஒரு வினாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு ஒலிபரப்புவதால் வரும் சத்தம். 4ஜி வந்தபிறகு குறைந்துவிட்டது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து 'டர்ர்ர்' என்று, குறிப்பா ரேடியோவில் மட்டும் கேட்டால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் பக்கம் பார்க்கணும். நாலு சிலிண்டர் எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் ஐடிலில் நிற்கும்போதே வினாடிக்கு 27 தீப்பொறி போடுது. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதனால் அங்கே இந்தச் சந்தேகமே வேண்டாம். கார் ரேடியோவோடு பிறந்த வியாதி இது. 1930-ல் சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே அவர்களுக்குப் பெரிய தலைவலி இக்னிஷன் இரைச்சல்தான்.

நம்ம கீச்சு இது எதுவும் இல்லை. சுருதி ஏறி இறங்குதுன்னா அது ஆல்டர்னேட்டரின் குரல். ஆனா குரல் அதனுடையது என்பதால் குற்றமும் அதனுடையது என்று அர்த்தம் இல்லை.

ஆல்டர்னேட்டர் உள்ளே உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏ.சி. மின்சாரம். ஆறு டையோடுகள் அதை டி.சி.யாக மாற்றுகின்றன. மாற்றினாலும் முழுசா சமதளம் ஆகாது. 14 வோல்ட்டுக்கு மேல் சின்னச் சின்ன மேடுபள்ளம் மிச்சம் இருக்கும். அதற்கு ரிப்பிள் என்று பெயர். ஒரு முழு ஏ.சி. சுற்றுக்கு ஆறு மேடு. வழக்கமான ஆல்டர்னேட்டரின் ரோட்டாரில் 12 துருவங்கள், அதாவது ஆறு ஜோடி. ஆக, ரோட்டார் ஒரு தடவை சுற்றினால் 36 மேடு. பெல்ட் புல்லியின் அளவு வித்தியாசத்தால் ஆல்டர்னேட்டர் எஞ்சினைவிட ரெண்டரை மடங்கு வேகமாகச் சுற்றுதுன்னு வெச்சுக்குவோம். எஞ்சின் 800-ல் நின்றால் ஆல்டர்னேட்டர் 2000. வினாடிக்கு 33 சுற்று, 36-ஆல் பெருக்கினால் 1200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 2000-க்குப் போனால் 3000 ஹெர்ட்ஸ்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் இந்தச் சத்தம் ஏன் இவ்வளவு எரிச்சல் மூட்டுதுன்னு புரிஞ்சது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000-இலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைதான். வண்டி ஓட ஓட கீச்சு நேராப் போய் அங்கேயே உட்காருது. எங்க அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வயசானா முதலில் போகிற மேல்ஸ்தாயி ஒலிகள் அவருக்கும் போயிடுச்சு.  ஆனா ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது அவர் போடச்சொல்லும் பழைய நாதஸ்வரப் பதிவில், ஆலாபனைக்கு நடுவில் மூச்சு வாங்கும் இடத்தில், "அது என்னடா கூடவே ஒரு ஊசி சத்தம்?"னு கேட்டவர் அவர்தான்.

சரி, எல்லா காரிலும் ஆல்டர்னேட்டர் இருக்கு, எல்லாத்திலும் ரிப்பிள் இருக்கு. அப்புறம் ஏன் சில காரில் மட்டும் ஸ்பீக்கருக்கு வருது? இங்கேதான் விஷயமே இருக்கு. காரில் பேட்டரியின் மைனஸ் முனையை பாடியோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் பாடியில் எங்கே தொட்டாலும் பூஜ்யம் வோல்ட் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சர்க்யூட் படத்தில் அப்படித்தான் வரைவாங்க. நிஜத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும், ஒவ்வொரு போல்ட்டுக்கும், ஒவ்வொரு மீட்டர் வயருக்கும் கொஞ்சம் மின்தடை இருக்கு. தடை இருக்கும் இடத்தில் மின்சாரம் ஓடினால் வோல்டேஜ் விழும். டாஷ்போர்டில் இருக்கும் ஹெட் யூனிட்டின் பூஜ்யம் வேறு, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் பூஜ்யம் வேறு. இந்த ரெண்டு பூஜ்யத்தையும் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரின் வெளிச்சுற்று ஒன்றோடொன்று கட்டிப்போடுது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பாட்டோடு கலந்து ஆம்ப்ளிஃபையருக்குள் போகுது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

எவ்வளவு வித்தியாசம்? எர்த் இணைப்பில் 10 மில்லிஓம் தடை, அதன் வழியே அரை ஆம்பியர் ரிப்பிள் ஓடுதுன்னா 5 மில்லிவோல்ட். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கு. ஆனா சாதாரணமாக நாம் கேட்கும் சத்த அளவில் ஆர்.சி.ஏ. வயரில் வரும் பாட்டே 200 மில்லிவோல்ட் இருந்தால் அதிகம். பாட்டில் நாற்பதில் ஒரு பங்கு கீச்சு. பாட்டு நின்றதும் தனியா நிற்கும்.

நிரல் எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிழை எங்கேன்னு தெரியலைன்னா பாதையை நடுவில் வெட்டி, எந்தப் பாதியில் இருக்குன்னு பார்க்கிறது. இங்கேயும் அதே கதைதான். முதலில் எஞ்சினை ஓடவிட்டு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க. கீச்சு குறையாமல் அப்படியே இருந்தால், அது வால்யூம் கட்டுப்பாட்டைத் தாண்டிய இடத்தில், அதாவது வயரிலோ ஆம்ப்ளிஃபையரிலோ நுழையுது. வால்யூமோடு சேர்ந்து குறைந்தால் அதற்கு முன்னாலேயே நுழைஞ்சாச்சு.

அடுத்த வெட்டு ஆம்ப்ளிஃபையரின் வாசலில். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஆர்.சி.ஏ. பிளக் ரெண்டு வாங்கி, நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பற்றவைத்தால் சோதனைக் கருவி தயார். சிஸ்டத்தை முழுசா அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் ஆர்.சி.ஏ. வயரை எடுத்து, அந்த இடத்தில் இதைச் செருகணும். உயிரோடு இருக்கும்போது பிடுங்கினால் வரும் 'டம்' சத்தமே ஸ்பீக்கரைக் கிழிச்சிடும். இந்தப் பிளக் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுக்கு மட்டும்தான், ஹெட் யூனிட்டின் வெளியீட்டில் செருகக் கூடாது. இப்போ எஞ்சினைப் போட்டாலும் கீச்சு வந்தால், ஆம்ப்ளிஃபையரின் பவர், எர்த், இல்லைன்னா பாடியில் உரசும் ஸ்பீக்கர் வயர் என்று தேடலாம். நிசப்தமா இருந்தால் ஆம்ப்ளிஃபையர் தனியா நல்லாத்தான் இருக்கு. அப்புறம் சார்ஜில் போடாத ஒரு போனை நேரா ஆம்ப்ளிஃபையரில் இணைச்சுப் பாட்டுப் போடுங்க. அதுவும் சுத்தமா இருந்தால் மிச்சம் இருப்பது ஹெட் யூனிட்டும் அந்த வயரும், அவை இரண்டும் சேர்ந்து கட்டும் லூப்பும்தான்.

என் வண்டியில் இந்த ரெண்டு சோதனையிலும் நிசப்தம். ஆக, லூப். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஸ்க்ரூவிலும் வைத்தேன். எஞ்சின் ஓடணும், ஹெட்லைட், ஏ.சி. போட்டிருக்கணும், பாட்டும் சத்தமா ஓடணும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். எனக்கு 0.42 காட்டியது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், எர்த் வயரைச் சீட் போல்ட்டில் மாட்டி முறுக்கியிருந்தாங்க. சீட் போல்ட் இறுக்கமா இருக்கும், பார்க்கவும் தடிமனா இருக்கும், ஆனா அதன் அடியில் பெயின்ட், மறையில் ஒட்டுப்பசை. மின்சாரத்துக்கு அது நல்ல வழியே இல்லை. பாதுகாப்புக்காக இருக்கும் போல்ட்டில் கைவைக்கவும் கூடாது.

பக்கத்திலேயே வெறும் தகடு இருக்கும் இடத்தைப் பார்த்து, உப்புத்தாளால் பளபளன்னு தேய்ச்சு, பிளஸ் வயரின் அதே தடிமனில் அரை மீட்டருக்கும் குறைவான வயரை லக் போட்டு, பல் வாஷரோடு முறுக்கினோம். கடற்காற்று ஊர் என்பதால் மேலே கிரீஸ். அளந்தால் 0.05. கீச்சு கிட்டத்தட்டப் போச்சு. மிச்சம் இருந்த கொஞ்சமும் கெய்னைக் குறைத்ததும் காணோம். கெய்ன் என்பது வால்யூம் இல்லை. ஹெட் யூனிட்டிலிருந்து வருவது எதுவானாலும் அதைப் பெருக்குவது. ஹெட் யூனிட்டின் சத்தத்தை முக்கால் வரைக்கும் ஏற்றி கெய்னை இறக்கினால், பாட்டு அதே அளவு, கீச்சு மட்டும் சிறுசாகும்.

இதைத் தொந்தரவு என்று மட்டும் நினைத்துப் பாட்டைச் சத்தமா வெச்சு மறைக்கிறவங்க நிறையப் பேர். அந்த எர்த் ஒருநாள் முழுசா கழன்றால், ஆம்ப்ளிஃபையர் இழுக்கும் மின்சாரம் வேறு வழி தேடும். கிடைக்கும் வழி ஆர்.சி.ஏ. வயரின் மெல்லிய வெளிச்சுற்று. ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் தலைமுடி மாதிரியான செப்புத் தடம் அங்கேயே எரிஞ்சுபோகும். அதுக்கப்புறம் எர்த்தைச் சரிசெய்தாலும் கீச்சு போகாது. மலிவு வயர் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். அலுமினியத்துக்கு மேல் செப்பு பூசிய வயர், அதே தடிமன் செப்பு வயரைவிட ஒன்றரை மடங்கு தடை. வெட்டின முனையைச் சுரண்டினால் வெள்ளையா தெரியும்.

ஆம்ப்ளிஃபையரே போடாதவங்களுக்கும் இதே லூப் வரலாம். போனை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸ் வயரில் பாட்டுக் கேட்டால், போன் ரெண்டு பூஜ்யத்துக்கு நடுவில் மாட்டிக்குது. சார்ஜரைப் பிடுங்கினதும் சத்தம் நின்றால் வேறு சோதனையே வேண்டாம். புளூடூத்தில் கேளுங்க, இல்லைன்னா ஆக்ஸ் வயருக்கு நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர், பாட்டை மட்டும் காந்தத்தால் கடத்தி செப்பு இணைப்பை வெட்டிவிடும். மலிவானதில் அடித்தொனி மெலியும். சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல தீர்வு இல்லை. பவர் வயரில் மாட்டும் ஃபில்டரைப் பற்றி என் அபிப்பிராயம் இன்னும் மோசம். லூப்பில் வரும் கீச்சு எர்த் வழியா வருது. அதற்குப் பிளஸ் வயரில் காவல் வைத்து என்ன பயன்?

கம்பெனி ஸ்டீரியோவோடு ஆம்ப்ளிஃபையர் இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போதைய ஹெட் யூனிட்டுகளில் ஸ்பீக்கரின் ரெண்டு முனையுமே பாட்டு இல்லாதபோதும் 6 வோல்ட் பக்கம் நிற்கும். மைனஸ் என்று எழுதியிருப்பது எர்த் இல்லை. அதைப் பாடியோடு சேர்த்தால் கீச்சு வராது, புகை வரும்.

ஆல்டர்னேட்டரே கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆறில் ஒரு டையோடு போனால், ஐடிலில் 1200-க்குக் கீழே 200 ஹெர்ட்ஸில் ஒரு தடித்த உறுமல் சேரும். ஹெட்லைட் மெல்லத் துடிக்கலாம், இரவில் பேட்டரி இறங்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளந்தால் 0.1-க்குள் இருக்கணும். அரை வோல்ட்டைத் தாண்டினால் டையோடைச் சந்தேகப்படலாம். ஆனா மலிவு மீட்டர்கள் ஏ.சி. அளவில் டி.சி.யையும் சேர்த்துக் குழப்பும். எஞ்சினை அணைத்துவிட்டு அதே அளவில் பேட்டரியைத் தொட்டுப் பாருங்க, முனைகளை மாற்றியும் தொடுங்க. ஏதாவது ஒரு பக்கம் 26 மாதிரி எண் வந்தால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. என் வண்டியில் 0.04. மாத்தச் சொன்ன அதே ஆல்டர்னேட்டர் இன்னும் ஓடுது.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டி, "வண்டி நிக்கலை, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு"ன்னு காட்டுகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கு. தாங்கிப்பிடிக்கப் பேட்டரி இல்லாத அந்தக் கணத்தில் 14 வோல்ட் 100 வோல்ட் வரைக்கும் எகிறலாம். புதுசா போட்ட ஆம்ப்ளிஃபையரோடு எஞ்சினின் கம்ப்யூட்டரும் அதே வயரில்தான் இருக்கு. யாராவது ஸ்பேனரோடு பானெட் பக்கம் போனால் முதலில் எஞ்சினை அணைச்சிடுங்க.