பூட்டி வைக்கும் முன் ஒரு வார்த்தை

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வீட்டை விடச் சாமான்கள் பெரிது. சீராக வந்த வெண்கலப் பானை, அம்மாவின் தையல் மிஷின், கொலு பொம்மைப் பெட்டிகள், ஊஞ்சல் பலகை என்று ஒவ்வொரு மாற்றலின்போதும் மூட்டைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். முன்பெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தோம். இப்போதைய அடுக்குமாடி வீடுகளில் பரணுக்கு ஏது இடம்? எனவேதான் தில்லி, குர்காவ், மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் ‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ என்னும் வாடகைக் கிடங்குகள் பெருகியுள்ளன. மாத வாடகை கொடுத்தால் ஓர் அறை. பூட்டும் சாவியும் நம்முடையவை. பேரக் குழந்தையைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா செல்லும் பெற்றோர்களுக்கும், மாற்றலாகிப் போகிறவர்களுக்கும் இது பெரிய வசதிதான்.

ஆனால் ரயில்வேயில் கூட்ஸ் ஷெட்டுகளையும் ஸ்டோர்ஸ் டிப்போக்களையும் பல ஆண்டுகள் பராமரித்த எனக்கு, இந்த அறைகளைப் பார்த்தவுடன் தோன்றியது ஒன்றே ஒன்று. நமது அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஒரு தகரத் தடுப்பு. பக்கத்து அறைக்காரர் எதை வைத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. நாம் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. ஒருவரின் அலட்சியம் அத்தனை பேர் உடைமையையும் அழித்துவிடும். ரயில் பெட்டியும் அப்படித்தான்.

மதுரை தரும் பாடம்

2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலை, மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பற்றி எரிந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்களில் 9 பேர் மாண்டனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த கேஸ் சிலிண்டரே காரணம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபத்தான பொருள்களை ரயிலில் கொண்டுவரத் தடை விதிக்கிறது. மீறினால் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டம் இருந்தது, ஆனால் யாரோ ஒருவர் ‘இதனால் என்ன ஆகிவிடும்’ என்று நினைத்துவிட்டார்.

கிடங்கில் சாமான் வைக்கும்போதும் இதே நினைப்புதான் எதிரி. வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில், பாதி காலியான சிலிண்டரையும் மற்ற சாமான்களோடு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாமல் தரையோடு படர்ந்து, தடுப்பின் அடி இடுக்கு வழியே அடுத்த அறைக்கும் போகும். வீட்டில் கசிந்தால் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். பூட்டிய அறையில் முகர்வதற்கு யார் இருக்கிறார்கள்? ஊரை விட்டுப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கேஸ் ஏஜென்சியிடம் ஒப்படைத்து, டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும். போகிற ஊரில் அந்த வவுச்சரைக் காட்டிப் புதிய இணைப்பும் பெறலாம்.

மண்ணெண்ணெய், தின்னர், மீதமுள்ள பெயின்ட், தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பட்டாசு ஆகியவற்றுக்கும் கிடங்கில் இடம் கிடையாது. ஸ்கூட்டரை விடுவதானால், கிடங்குக்காரர் அனுமதித்தால் மட்டும், பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு விடுங்கள். இன்வெர்ட்டர் பாட்டரியில் இருப்பது கந்தக அமிலம். சாய்ந்தால் கீழே உள்ளவை அனைத்தும் பாழ். லாப்டாப், மின்சார ஸ்கூட்டர், பவர் பேங்க் இவற்றில் உள்ள லித்தியம் பாட்டரி அடிபட்டாலோ உப்பியிருந்தாலோ தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். கூடிய வரையில் அவற்றைக் கையோடு கொண்டுபோவதே நல்லது.

தீயை விடப் புகை கொடியது

2011 டிசம்பர் 9 அன்று கல்கத்தாவில் ஒரு மருத்துவமனையில் நடந்த விபத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தைச் சாமான் அறையாக்கி இருந்தார்கள். அங்கே பற்றிய தீயின் புகை மேல் மாடிகளுக்குப் பரவி 90க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. சாமான் குவித்த ஓர் அறை அதே கட்டடத்தில் உள்ள எல்லோருக்கும் எமனாக முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே கிடங்கைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். பூமிக்கு அடியில் உள்ள அறையானால் வெளியேற எத்தனை வழி, மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் மாட்டிய தீயணைக்கும் கருவியின் முள் பச்சைக் கட்டத்தில் நிற்கிறதா, கடைசியாகப் பரிசோதித்த தேதி எழுதியிருக்கிறதா என்று கவனியுங்கள். அவசர வழிக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பூட்டுப் போட்டிருந்தாலோ, முன்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தாலோ வேறு இடம் தேடுங்கள்.

கூரையில் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் நல்லது. அதில் உள்ள சிறு கண்ணாடிக் குமிழ் சிவப்பு நிறமாக இருந்தால் சுமார் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும். சினிமாவில் காட்டுவதுபோல் எல்லாம் ஒரே நேரத்தில் பீய்ச்சாது. எங்கே சூடோ அங்கே மட்டும் திறக்கும். ஆனால் கூரை முட்ட அடுக்கிவிட்டால் தண்ணீர் பரவ இடமிராது. ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே அரை மீட்டராவது காலியாக விடுங்கள்.

அடுக்குவதிலும் ஒரு முறை

கனமானவை கீழே, இலேசானவை மேலே என்பது எந்தக் கூட்ஸ் ஷெட் கலாசிக்கும் தெரிந்த பாடம். தரையில் நேராக வைக்காமல் மரச் சட்டத்தின் மேல் வையுங்கள், ஓதம் ஏறாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்றோட்டமும் இருக்கும், கரையான் வந்தாலும் கண்ணில் படும். நடுவில் ஓர் ஆள் நடக்க வழி விடுங்கள். அரிசி, பருப்பு, மசாலா, ஊறுகாய் எதையும் வைக்காதீர்கள். எலியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகும். எலியின் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் காய்ச்சல் வரக் கூடும். எலிப் புழுக்கை கிடந்தால் விளக்குமாற்றால் பெருக்கித் தூசி கிளப்பாமல், பிளீச்சிங் கரைசல் தெளித்து, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணிகளை வெயிலில் உலர்த்தித் துவைத்த பிறகே கைக்குழந்தைக்குப் பயன்படுத்துங்கள். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் இரத்த அணுக்களையே அழித்துவிடும்.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். கிரைண்டரையும் பீரோவையும் இளைஞர்களிடம் விட்டுவிடுங்கள். தகரக் கூரை போட்ட கிடங்குகள் மே மாதத்தில் அடுப்பாகக் கொதிக்கும். காலையிலேயே வேலையை முடியுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். தனியாகப் போகாதீர்கள். உள்ளே நின்றுகொண்டு ஷட்டரை இழுத்து மூடாதீர்கள். தீ என்றால் சாமானைக் காப்பாற்ற ஓடாமல் வெளியே வந்து 101 அல்லது 112க்குச் சொல்லுங்கள்.

வைத்த பொருள்களின் பட்டியலையும் புகைப்படங்களையும் ஒரு பிரதி எடுத்து மகனிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸ் கோரும்போது இவையே ஆதாரம். தடை செய்த பொருளை நாமே வைத்திருந்தால் கம்பெனி பணம் தர மறுக்கவும் இடமுண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கிடங்கில் இரவெல்லாம் கண் விழிக்கும் காவலாளியும், நம் மூட்டைகளைத் தலையில் சுமக்கும் தொழிலாளியும் பீகாரிலிருந்தோ ஒரிசாவிலிருந்தோ நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள். நாம் சொல்லாமல் உள்ளே வைக்கும் ஒரு சிலிண்டரின் பக்கத்தில் முதலில் நிற்கப் போவது அவர்கள்தான். கனமான பெட்டியின் மேல் ‘கனம்’ என்றும் கண்ணாடிப் பெட்டியின் மேல் ‘கண்ணாடி’ என்றும் அவர்களுக்குப் புரியும் இந்தியில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு மார்க்கர் பேனாதான்.