லாப ஈவைத் தீர்மானிப்பவர் யார்?

கம்பெனியில் லாபம் பெருகினால் பங்குதாரருக்கு ஈவும் பெருகும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆயினும், நிர்வாகம் எவர் கையில் உள்ளதோ அவர் கருத்தையொட்டியே ஈவு அமைகிறது.

அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் கம்பெனியை நோக்குவோம். நூறு பங்குகளுக்கு 58 ஹென்றி ஃபோர்டிடமும், 10 டாட்ஜ் சகோதரர்களிடமும் இருந்தன. 1916இல் கம்பெனியின் உபரி சுமார் 11 கோடி டாலர். அவ்வாறிருந்தும், ஆலையை விஸ்தரிக்கவும் காரின் விலையைக் குறைக்கவும் வேண்டுமெனக் கூறி, ஃபோர்டு விசேஷ ஈவை நிறுத்தினார். சகோதரர்கள் வழக்குத் தொடுத்தனர். 1919இல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம், விஸ்தரிப்பைத் தடுக்கவில்லை. ஆனால் சுமார் 1 கோடியே 93 லட்சம் டாலர் ஈவு வழங்குமாறு கட்டளையிட்டது. தொழில் வளர்ச்சிக்கு நிதி ஒதுக்கலாம். பங்குதாரரின் நலனைப் புறக்கணிக்கலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கம்பெனியில் பங்குக்குத் தக்கபடி வாக்கு. ஆதலால் சிறு பங்குதாரர் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. நம் சங்கத்திலோ பங்கு எத்தனையாயினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரே வாக்கு. ஒதுக்கு நிதிக்கு எவ்வளவு, ஈவுக்கு எவ்வளவு என்று வினவும் உரிமை நெசவாளர், விவசாயி ஒவ்வொருவருக்கும் உண்டு. பேரவைக் கூட்டத்திற்கு வாராதிருந்துவிட்டு, பின்னர் ஈவு குறைந்ததென்று வருந்துவதில் பயனில்லை.