சக்கரத்தில் எண்ணெய்க் கசிவு: சீலைக் குற்றம் சொல்லுமுன்

தாம்பரத்திலிருந்து திருச்சிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். ஒரு மீட்டர் விட்டமுள்ள பஸ் சக்கரம் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுற்றுகிறது. அத்தனை சுற்றுக்குப் பிறகும், நல்ல நிலையில் உள்ள ஹப் என்னும் சக்கர மையக் கூட்டிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே வருவதில்லை. சுழலும் பாகத்துக்கும் சுழலாத பாகத்துக்கும் நடுவே எண்ணெயைக் காப்பது ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் புறப்படும் பஸ்ஸானாலும், படப்பிடிப்புக்குப் போகும் கேரவனானாலும், படுக்கையும் அடுப்படியும் வைத்துக் கட்டிய சுற்றுலா வேனானாலும் அடிப்படை ஏற்பாடு இதுதான். ஹப்பில் ஈரம் தெரிந்தால் உடனே “சீல் போச்சு, மாத்திடலாம்” என்கிறோம். சீல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், அந்த ஈரம் இன்னும் பல சேதிகளைச் சொல்லும்.

கனரக வண்டியின் பின் ஆக்சிலில், ஆக்சில் தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. பாரத்தைச் சுமப்பவை ஹப்புக்குள் இருக்கும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள். ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. பல வண்டிகளில் டிஃபரன்ஷியலில் உள்ள கியர் ஆயிலே ஆக்சில் குழாய் வழியாக வந்து இந்தப் பேரிங்குகளை நனைக்கிறது. வேறு சிலவற்றில் ஹப்பில் கிரீஸ் இருக்கும். எப்படியானாலும் ஹப்பின் உட்புற விளிம்பில் ஒரு சீல் உண்டு. அதற்கு அப்பால் இருப்பது பிரேக்.

இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் சீல் எண்ணெயைத் தடுக்கிறது என்று தோன்றும். அப்படி உலர்ந்த ரப்பர் இரும்பின் மேல் உரசிக்கொண்டே ஓடினால் சீக்கிரமே கருகிவிடும். உண்மையில், ஓடும்போது சீலின் உதடு எனப்படும் விளிம்புக்கும் உலோகத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைக்ரான் கனத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கிறது. தலைமுடியின் கனத்தில் அது மிகச் சிறிய பங்குதான். அப்படியானால் அந்த எண்ணெய் ஏன் வெளியேறவில்லை? உதட்டின் இரு பக்கச் சரிவும் ஒன்றல்ல. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் படுத்தவாக்கிலும் இருக்கும். சுழற்சியில் ரப்பரின் நுண்ணிய மேடுகள் ஒருபுறமாகச் சாய்ந்து, நழுவி வரும் எண்ணெயை உள்ளேயே திருப்பித் தள்ளுகின்றன. சீல் ஒரு பம்ப். அதையே திருப்பி மாட்டினால் எண்ணெயை வெளியே இறைக்கும்!

இந்த வளையம் முதலில் தோலால் ஆனது. ஜெர்மனியின் வைன்ஹைமில் தோல் பதனிட்டுவந்த ஃபிராய்டன்பர்க் நிறுவனம், 1929-ன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு தோல் சீல்கள் செய்யத் தொடங்கியது. பின்னர் ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது.

இனி ஈரத்தைப் படிப்போம். முதல் கேள்வி, கசிவது எது? கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். கந்தக நெடி அடிக்கும். பற்சக்கரங்கள் தேயாமலிருக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களின் வாடை அது. சாதாரண பிரேக் ஆயில் நீரில் கரையும். கியர் ஆயில் மிதக்கும். கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாலே தெரிந்துவிடும். கிரீஸ் சூட்டில் எண்ணெயாகப் பிரிந்து வழிவதும் உண்டு.

அடுத்தது, எங்கிருந்து? சக்கரம் ஓடும்போது கசிந்த எண்ணெய் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கோடுகளாகச் சிதறியிருக்கும். நிற்கும்போது கசிந்தது நேர்கீழே வழிந்திருக்கும். வெளிமுகத்தில் கோடுகள் இருந்தால் ஆக்சில் தண்டின் ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டையோ தளர்ந்த நட்டையோ பாருங்கள். டயரின் உள்பக்கமும் பிரேக் டிரம்மின் பின்புறமும் நனைந்திருந்தால் உள் சீல். சந்தேகமிருந்தால் துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி, தாம்பரத்தின் முடிச்சூர் சாலையில் சற்றுத் தூரம் ஓட்டிவந்து பாருங்கள். வெள்ளைப் பொடியில் முதல் கறுப்புக் கீற்று எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வாசல்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஏன்? ஆக்சில் கூட்டின் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கும். அது சேற்றில் அடைபட்டால், உள்ளே காற்று 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும்போது அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். சுமார் 3 பி.எஸ்.ஐ.தான். ஆனால் சாதாரண ஹப் சீல் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. உதடு கூடுதலாக அழுந்திச் சூடேறித் தேயும். எண்ணெய் வியர்க்கத் தொடங்கும்.

இதற்கு நேரெதிரும் நடக்கும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் நின்றன. ஓடிச் சூடான ஆக்சில் அப்படிப்பட்ட நீரில் இறங்கினால் உள்ளேயுள்ள காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகவே தண்ணீர் உறிஞ்சப்படும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் அதுதான் சாட்சி. விட்டுவைத்தால் பேரிங் துருப்பிடிக்கும்.

மற்றொரு காரணம் பேரிங்கின் ஆட்டம். சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வைத்தபின், டயரை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். கடகடவென்று ஆடினால் எந்தப் புதுச் சீலும் நிலைக்காது. ஒரு மைக்ரான் படலத்தை நம்பி இயங்கும் உதடு, மில்லிமீட்டர் கணக்கில் ஆடும் உலோகத்தை எப்படித் தொடர முடியும்? அடுத்து, சீலின் உதடு தொடும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. ரப்பரில் பதிந்த தூசி இரும்பையே அறுத்துவிடும்.

மாதக்கணக்கில் நிற்கும் கேரவன்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. உதட்டிலிருந்து எண்ணெய் வடிந்துபோய் ரப்பர் இறுகிவிடும். ஒருபக்கம் சாய்ந்து நின்றால் தாழ்ந்த ஹப்பில் எண்ணெய் தேங்கும். அவ்வப்போது கொஞ்சம் ஓட்டுவதே இதற்கு மருந்து.

தூசி படிந்த மெல்லிய ஈரமென்றால் துடைத்துவிட்டு, எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக் கண்காணிக்கலாம். சொட்டு விழுந்தாலோ டிரம்முக்குள் எண்ணெய் போயிருந்தாலோ வண்டியை எடுக்கக் கூடாது. நனைந்த பிரேக் லைனிங் பிடிக்காது. பிரேக் போட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடாமல் மாற்றிவிடுங்கள். அதோடு பிரீதர், பேரிங், உதடு தொடும் இடம் மூன்றையும் பார்த்துவிட்டுப் புதுச் சீலைப் போடுங்கள். காரணத்தை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால், அதே ஹப்பை மறுபடி கழற்ற வேண்டிவரும்.