சேர்வர்களுக்கும் ஒரு செக்ரோல்

பேராதனைப் பல்கலைக்கழகக் கணினிப் பொறியியல் துறையில் மாணவர் செயற்றிட்டங்களுக்குப் பெயர் வைக்க ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ‘ஈ’ என்ற எழுத்தும் பட்ச் எண்ணும், அடுத்து எத்தனையாம் ஆண்டு வேலை என்ற குறி, அதன் பிறகுதான் தலைப்பு. ‘ஈ16-3வைபி’ என்று தொடங்கினால், அது 16ஆம் பட்ச்சின் மூன்றாம் ஆண்டுச் செயற்றிட்டம். கிட்ஹப்பில் உள்ள துறையின் பொதுக் கணக்கில் இந்தப் பெயரோடு கோப்புகளை வைத்துவிட்டால் போதும். பைதனில் எழுதிய ஒரு செய்நிரல் கிட்ஹப்பிடம் பட்டியலைக் கேட்டு வாங்கி, பெயரைப் பிரித்துப் பார்த்து, எந்த பட்ச், எந்தப் பாடம் என்று வகைப்படுத்தித் துறையின் செயற்றிட்ட இணையத்தளத்தில் சேர்த்துவிடும். பெயரில் ஒழுங்கு இருப்பதால்தான் இயந்திரத்தால் அதைப் படிக்க முடிகிறது.

இதே முறையில் கிளவுட்டில் இருக்கும் சேர்வர்களையும் ஆளலாம். அமேசன் 2006இல் சேமிப்பிடத்தையும் கணினிகளையும் இணையம் வழியாக வாடகைக்கு விடத் தொடங்கியது. கூகிளும் மைக்ரோசொப்டும் பின்னால் வந்தன. இன்று கம்பளையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ இருக்கும் ஒரு மாணவி, இந்த நிறுவனங்களில் ஒன்றின் தளத்துக்குள் நுழைந்து நாலைந்து பொத்தான்களைச் சொடுக்கிச் சிங்கப்பூரில் ஒரு சேர்வரை எழுப்பிவிடலாம். ஒன்று இரண்டு என்றால் இது போதும். இருபது குழுக்கள், குழுவுக்கு மூன்று சேர்வர், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அமைப்பு என்று வரும்போது சொடுக்கிச் சொடுக்கி முடிக்க இயலாது. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு பெட்டியில் குறியிட மறந்திருப்போம்.

அந்தப் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் பின்னால், இணையம் வழியாகப் போகும் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைப் பைதனிலோ ஜாவாவிலோ ஒரு வரியாக எழுத உதவும் ஆயத்தத் தொகுப்புதான் கிளையன்ட் லைப்ரரி. அமேசனுக்குப் பைதனில் பொட்டோ3 இருக்கிறது. 2009இல் தொடங்கிய லிப்கிளவுட் பல நிறுவனங்களின் கிளவுட்டுக்கும் பொதுவானது. கேட்பவர் யார் என்பதற்கான சான்றை இணைப்பது, நீண்ட பட்டியல் பக்கம் பக்கமாக வந்தால் அடுத்த பக்கத்தைக் கேட்டு வாங்குவது, எதிர்முனையில் நெரிசல் என்றால் ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டு மறுபடி முயல்வது எல்லாம் லைப்ரரியின் பொறுப்பு. எழுதுபவர் தனக்கு வேண்டியதைச் சொன்னால் போதும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கூகிள் கிளவுட்டில் சேர்வரோ சேமிப்பிடமோ ஒரு ‘புரொஜெக்ட்’டுக்குள்தான் இருக்க முடியும். யாருக்கு என்ன அனுமதி, பில் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதும் அதில்தான் தீர்மானமாகும். புதிய புரொஜெக்ட் வேண்டுமென்றால் செய்நிரல் ஓர் அடையாளப் பெயரைக் கொடுக்க வேண்டும். அது 6 முதல் 30 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். உலகில் வேறெவரும் அதை எடுத்திருக்கக் கூடாது. கோரிக்கை போனவுடன் புரொஜெக்ட் கைக்கு வராது. ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்பதற்கான ஒரு சீட்டுத்தான் முதலில் வரும். அந்தச் சீட்டைக் காட்டி ‘முடிந்ததா, முடிந்ததா’ என்று லைப்ரரி விசாரித்துக்கொண்டே இருக்கும். முடிந்த பிறகுதான் செய்நிரல் அடுத்த வரிக்குப் போகும். அழிக்கச் சொன்னாலும் இப்படித்தான். புரொஜெக்டை 30 நாள் வைத்திருந்து பிறகே முற்றாக நீக்குவார்கள். அதற்குள் மனம் மாறினால் மீட்கலாம். உள்ளே இருந்த சில வளங்கள் மட்டும் அதற்கு முன்னரே போய்விடக்கூடும். அந்த அடையாளப் பெயரோ மறுபடி யாருக்கும் கிடைக்காது.

உருவாக்குவதும் அழிப்பதும் பார்க்கப் பெரிய வேலைகள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது ‘லிஸ்ட்’ என்ற சாதாரணக் கட்டளை. மலையகத் தோட்டங்களில் காலையில் பெரட்டுக் களத்தில் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார்களே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. எத்தனை சேர்வர் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் எப்போது எழுந்தது, யாருடையது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். யாருடையது என்பது தெரிய வேண்டுமானால் எழுப்பும்போதே லேபிள் ஒட்டியிருக்க வேண்டும்: உரிமையாளர், பாடம், எந்தத் தேதியோடு தேவை முடிகிறது. கையால் எழுப்பினால் இவற்றை எழுத மறந்துபோகும். செய்நிரலிடம் விட்டால், லேபிள் இல்லாத சேர்வரை எழுப்பவே மாட்டேன் என்று அதை மறுக்கச் செய்யலாம்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இது அவசியமான பழக்கம் என்று 2022 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபா மீதான பிடியைத் தளர்த்தியது. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. கிளவுட் பில் வருவது டொலரில். மாதம் 10 டொலர் வாடகைக்கு ஓடும் ஒரு சின்னச் சேர்வருக்கு 2,000 ரூபா கட்டியவர், ஒன்றையும் கூட்டாமலே 3,600 கட்ட வேண்டியதாயிற்று. சேர்வரைக் கண்டியிலேயே ஓர் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்றால், மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பரீட்சை முடிந்தும் நிறுத்தப்படாமல், ஒருவருக்கும் பயனின்றி ஓடும் சேர்வருக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடித்து நிறுத்தப் பைதனில் சில வரிகள் போதும்.

செலவு ஒரு பக்கம். இழப்பு இன்னொரு பக்கம், அது இதைவிடக் கடுமையானது. 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா அரசாங்கக் கிளவுட்டில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் கணக்குகளில், மே 17 முதல் அன்றுவரை இருந்த கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. சேவை விரைவில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த மூன்று மாதத்துக்கும் தாக்குதலுக்கு எட்டாத பிரதி ஒன்று தனியாக வைக்கப்பட்டிருக்கவில்லை. நாள்தோறும் இரவில் பிரதி எடு, வேறொரு கணக்கில் கொண்டுபோய் வை, வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார், தவறினால் இன்னாருக்கு அறிவி. இவற்றை மனிதரின் ஞாபகத்தில் விட்டுவைக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான்கும் கிளையன்ட் லைப்ரரியால் செய்யக்கூடிய வேலைகள்தாம்.

கட்டளைக்கு இருக்கும் இதே வேகம் கெடுதலும் செய்யும். 2017 பெப்ரவரி 28 அன்று அமேசனின் சேமிப்புச் சேவையில், சில சேர்வர்களை மட்டும் விலக்குவதற்காக ஒரு பொறியியலாளர் கொடுத்த கட்டளையில் ஓர் உள்ளீடு தவறிவிட்டது. நினைத்ததைவிட அதிகமான சேர்வர்கள் விலகின. அமெரிக்காவில் பெருந்தொகையான இணையத்தளங்கள் நான்கு மணித்தியாலம் வரை தடுமாறின. அதன்பின் அமேசன் அந்தக் கருவியைத் திருத்தியது: சேர்வர்களை மெதுவாக மட்டுமே விலக்கும், குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போக விடாது. அந்தக் கட்டளையைக் கொடுக்க அவருக்கு அனுமதி இருந்தது. கருவியில் தடுப்பு இல்லை.

இந்தத் துறையில் இலங்கையர் பிறர் செய்ததைப் பயன்படுத்தியவர்கள் மட்டுமல்லர். சஞ்சீவ வீரவரண மற்றவர்களோடு சேர்ந்து 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய ஸ்ட்ராடோஸ், 2013இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமை கூடும்போது புதிய சேர்வர்களை எழுப்பி, குறையும்போது இறக்கும் மென்பொருள் அது. எந்த நிறுவனத்தின் கிளவுட்டோடும் பேச, ஜேகிளவுட்ஸ் என்ற ஜாவா கிளையன்ட் லைப்ரரியை அது பயன்படுத்தியது. ஸ்ட்ராடோஸ் இப்போது வளர்ச்சியில் இல்லை. ஆனால் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் நாடே ஒரே தளத்தைத் திறக்கும் இடத்தில், அது செய்த வேலையின் தேவை அப்படியேதான் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் பார்க்க மட்டும் அனுமதியுள்ள ஒரு சாவியோடு தொடங்குவது நல்லது. முதல் செய்நிரல் மாலை ஆறு மணிக்கு ஓடட்டும். லேபிள் இல்லாத சேர்வர்களைப் பட்டியலிட்டு மின்னஞ்சலில் அனுப்பட்டும். சாவியைச் செய்நிரலுக்குள்ளேயே எழுதி, எல்லோரும் பார்க்கும் கிட்ஹப்பில் போட்டுவிட வேண்டாம். அப்படி விழும் சாவிகளைத் தேடுவதற்கென்றே ஓடும் செய்நிரல்கள் உண்டு. அவற்றை ஓட்டுபவர்கள் சில நிமிடங்களிலேயே சாவியை எடுத்து, உங்கள் செலவில் தங்கள் சேர்வர்களை எழுப்பிவிடுவார்கள். பட்டியல் சில வாரங்களுக்குப் பிழையில்லாமல் வந்த பிறகு நிறுத்தும் அனுமதியைச் சேர்க்கலாம். அழிக்கும் அனுமதி கடைசியில், அதுவும் வேறொரு சாவியில்.