ஆடிக்காற்றுக்கு முன்னால் கரை சேரணும்! - இரண்டு பெண்கள், ஒரு பாய்மரப் படகு, எட்டு மாதக் கணக்கு

தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையில் ஆடி மாதம் படியேறியவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். துண்டையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகிக்கொண்டுதான் ராமர் தீர்த்தம் வரை ஏற வேண்டும். கீழே வயல்காட்டிலோ 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அறுவடை எப்போது வேண்டும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் கணக்கு அது.

கடலே இல்லாத இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அதே கணக்கைத்தான், உலகத்தையே பாய்மரப் படகில் சுற்றிவந்த இரண்டு பெண்களும் போட வேண்டியிருந்தது.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். 56 அடி நீளமுள்ள 'தாரிணி' படகில் 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே 29-ம் தேதி அங்கேயே திரும்பி வந்தார்கள். கடந்த தூரம் சுமார் 25,400 கடல் மைல். நமது கணக்கில் 47,000 கிலோமீட்டர். இந்தப் பயணத்துக்கு 'நாவிகா சாகர் பரிக்கிரமா 2' என்று பெயர்.

ஏன் குறுக்கு வழி கிடையாது?

'பனாமா கால்வாய் வழியாகப் போனால் சீக்கிரம் வந்துவிடலாமே?' என்று தோன்றும். ஆனால், பாய்மரத்தில் உலகைச் சுற்றியதாகக் கணக்கில் சேர சில விதிகள் உண்டு. கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும். நிலநடுக்கோட்டை இரண்டு முறையாவது தாண்ட வேண்டும். குறைந்தது 21,600 கடல் மைல் போயிருக்க வேண்டும். அது நிலநடுக்கோட்டின் சுற்றளவு. கால்வாய்களைத் தொடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை ஆகிய மூன்றையும் சுற்றிவர வேண்டும்.

இந்த மூன்று முனைகளையும் இணைத்துப் பார்த்தால், பாதை பூமியின் தென்கோடிப் பெருங்கடலில் போய் விழும். அங்கே மேற்கிலிருந்து கிழக்காக ஆண்டு முழுவதும் காற்று வீசும். குறுக்கே தடுக்கப் பெரிய நிலப்பரப்பு எதுவும் இல்லாததால், அலைகளும் காற்றும் வேகமெடுத்துக்கொண்டே போகும். 40-வது அட்சரேகைக்குக் கீழே உள்ள பகுதியை 'முழங்கும் நாற்பதுகள்' என்றும், 50-க்குக் கீழே 'சீறும் ஐம்பதுகள்' என்றும் மாலுமிகள் அழைக்கிறார்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்றால், கிழக்கு நோக்கித்தான் சுற்ற வேண்டும். எனவே திசை முடிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது தேதி.

ஹார்ன் முனையிலிருந்து தொடங்கும் கணக்கு

இந்தப் பாதையில் எல்லோரும் அஞ்சும் இடம் ஹார்ன் முனை. 56-வது தென் அட்சரேகையில் இருக்கிறது. அதற்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர் அகலமே உள்ள டிரேக் நீரிணை. பசிபிக் கடலின் நீரும் காற்றும் அந்த இடுக்கில்தான் நெருக்கியடித்துக்கொண்டு புகும்.

நமக்குக் குளிர்காலமாக இருக்கும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் அங்கே கோடைக்காலம். பகல் நீளமாக இருக்கும், குளிர் குறையும், புயல்களின் கடுமையும் ஓரளவு தணியும். அந்த மாதங்களை விட்டால் இருட்டும் குளிரும் கூடிக்கொண்டே போகும்.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். தாரிணியின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். சைக்கிள் மிதிக்கும் வேகம்தான். ஆனால், இரவும் பகலும் நிற்காமல் போகும். நியூசிலாந்திலிருந்து ஹார்ன் முனைக்கு ஆறு வாரம் ஆகும். பிப்ரவரிக்குள் ஹார்னைத் தாண்ட வேண்டும் என்றால், ஜனவரித் தொடக்கத்தில் நியூசிலாந்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஆஸ்திரேலியா. அதற்கும் முன் கோவாவிலிருந்து சுமார் 4,900 கடல் மைல். ஒவ்வொரு துறைமுகத்திலும் படகைப் பழுதுபார்க்க, உணவு ஏற்ற, உடம்பைத் தேற்றிக்கொள்ள இரண்டு வாரம். எல்லாம் சேர்த்தால் புறப்பாடு அக்டோபர் தொடக்கத்தில் வந்து நிற்கும். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவமழையின் சீற்றம் அடங்கும் நேரமும் அதுதான்.

பயண அட்டவணை

* அக்டோபர் 2: கோவாவிலிருந்து புறப்பாடு
* நவம்பர் 9: ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில்
* டிசம்பர் 22: நியூசிலாந்தின் லிட்டல்டன்
* ஜனவரி 4: லிட்டல்டனிலிருந்து மிக நீண்ட கட்டம், சுமார் 5,600 கடல் மைல்
* பிப்ரவரி 15: ஹார்ன் முனை, சில நாள்களில் ஃபாக்லாந்து தீவின் போர்ட் ஸ்டான்லி
* ஏப்ரல் 15: தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கடைசிக் கட்டம்
* மே 29: மீண்டும் கோவா

யாரும் இல்லாத இடம்

மூன்றாவது கட்டத்தில், ஜனவரி 30 அன்று 'நீமோ புள்ளி'யைக் கடந்தது தாரிணி. எந்தத் திசையில் போனாலும் கரையைத் தொட 2,688 கிலோமீட்டர் போயாக வேண்டிய இடம் அது. பக்கத்தில் இருக்கும் மனிதர்கள் பெரும்பாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி வீரர்கள்தான்! அங்கே ஏதாவது ஆனால் ஓடிவர ஆளில்லை. அந்தக் கட்டத்தில் மட்டும் மூன்று புயல்களைச் சந்தித்தார்கள். மணிக்கு 93 கிலோமீட்டர் வரை காற்று வீசியது.

சரியான மாதத்தைத் தேர்ந்தெடுத்தும் இந்த நிலைமை. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது புயலே வராது என்பதற்காக அல்ல. வரும் புயல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக. மீதியைச் செயற்கைக்கோள் வழியாக வரும் வானிலைத் தகவலைப் பார்த்து, பாதையை அன்றன்றைக்கு வளைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இரண்டே பேர் என்பதால், ஒருவர் தூங்கும்போது மற்றவர் காவல். இதற்காகவே மூன்று ஆண்டுகள் பயிற்சி எடுத்தார்கள். தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியரான அபிலாஷ் டோமிதான் அவர்களுக்கு வழிகாட்டி.

கடைசி வாரத்தில் ஒரு பதற்றம்

ஹார்னைத் தாண்டிவிட்டால் இன்னொரு கெடு காத்திருக்கும். ஜூன் பிறந்தால் அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. அதற்குள் வீடு திரும்ப வேண்டும். இதற்கு முன் சென்றவர்களின் தேதிகளைப் பாருங்கள். தனியாகச் சுற்றிய முதல் இந்தியர் திலீப் தோண்டே, 2010 மே 19-ல் மும்பை திரும்பினார். வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் இதே தாரிணியில் சென்ற முதல் பரிக்கிரமா, 2018 மே 21-ல் கோவா திரும்பியது.

2025-ல் கணக்கு கொஞ்சம் இடித்தது. வழக்கமாக ஜூன் 1-ல் கேரளாவைத் தொடும் பருவமழை, அந்த ஆண்டு மே 24-லேயே வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. மறுநாள் கொச்சி அருகே 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அப்போது தாரிணி இன்னும் கரை சேரவில்லை.

அதற்கு நான்கு நாள் கழித்து, மே 29 அன்று, தாரிணி கோவாவுக்கு வந்து சேர்ந்தது. பாதுகாப்புத்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் இருவரையும் வரவேற்றார். எட்டு மாதத் திட்டத்தில் பருவமழை அவர்களை முந்தியது ஐந்தே நாள்தான். கேப் டவுனிலிருந்து இரண்டு வாரம் தாமதமாகக் கிளம்பியிருந்தால், கடைசி ஆயிரம் மைலை முழுப் பருவக்காற்றில்தான் கடந்திருப்பார்கள்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பிறக்கும் தென்கிழக்குக் காற்றுதான், கோட்டைத் தாண்டியதும் திசை திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்று ஆகிறது. தாரிணி வந்த அதே கடலைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, மீதி வேகத்தோடு தருமபுரிப் பக்கம் வருகிறது. இந்த ஆடியில் தீர்த்தமலைப் படியில் அது தலைப்பை இழுக்கும்போது, ரூபாவையும் தில்னாவையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.